வாரம் இரண்டு பூட்டு வகுப்பு

எட்டாம் வகுப்புத் தமிழ் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'வலிமிகுமிடம்'. எந்தச் சொல்லுக்குப் பின்னால் வல்லின ஒற்று மிகும், எங்கே மிகாது என்று பதினெட்டு வருடமாக ஒரே பள்ளிக்கூடத்தில் நடத்தி வந்தார். கரும்பலகையில் அந்தத் தலைப்பை எழுதியதும் கடைசி பெஞ்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகும். டீச்சரின் கணவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களிடமெல்லாம் "வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்வது அவர் பிழைப்பு. ஒரே கூரைக்குக் கீழே ஒருவர் வலி மிகும் என்றும் இன்னொருவர் வலிக்காது என்றும் சொல்லிச் சம்பாதிப்பதைப் பற்றித் தெருவில் நல்ல சிரிப்பு உண்டு.

டீச்சருக்குப் பிழை ஆகாது. சிவப்புப் பேனா இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். 'வீடு வாடகைக்கு விடபடும்' என்று ஒரு வீட்டில் பலகை தொங்கியதைப் பார்த்து, அந்த வீட்டுக்காரரிடமே நாற்காலி வாங்கிப் போட்டு ஏறி, விடுபட்ட ஒற்றை எழுதிவிட்டு இறங்கினார். வீட்டுக்காரர் வாடகைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துக் காபி போட்டு வைத்திருந்தார்.

இத்தனை அக்கறை இருந்தும் அவர் வகுப்பில் பிள்ளைகள் தூங்கினார்கள். அதுவும் சாதாரணத் தூக்கம் இல்லை. நாற்பது பேரும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். போன வருடம் இலக்கணத் தாளில் இருபத்தாறு பேர் கோட்டைவிட்டார்கள். குறை தன்னிடம்தான் என்று டீச்சருக்கு உள்ளுக்குள் தெரியும். அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் இன்னும் சத்தமாக நடத்தினார்.

பள்ளி திறந்த இரண்டாவது மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'மாணவர்தம் உள்ளம் மலரும் பொருட்டு, மாற்றுப் பாடத்திட்டச் செயல்பாடாக எட்டாம் வகுப்புக்கு வாரம் இருமுறை பூட்டு வகுப்பு நடத்தப்படல் வேண்டும். குரல் வளத்தில் தனிக் கவனம் செலுத்துக. பாடநூல் இல்லை. ஆசிரியர் தம் சொந்தத் திறமையால் நடத்துக.'

கையெழுத்துக்காக ஆசிரியர் அறைக்கு அது வந்தபோது டீச்சரின் கை சும்மா இருக்குமா? 'பூ'வைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு, மேலே 'பா' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்.

கால் மணி நேரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். முப்பத்தொரு வருட வேலையில் காகிதம் சொல்லாத ஒன்றைச் செய்ததில்லை என்பது அவர் பெருமை. மழை வந்தாலும் விடுமுறை விட உத்தரவு தேடுவார். மேசையில் அந்தச் சுற்றறிக்கை அடிபட்டுக் கிடக்கிற மாதிரி கிடந்தது.

"டீச்சர், ஆபீஸ் காகிதத்துல சிவப்பு மையா?"

"பிழைங்க சார். பாட்டு வகுப்புன்னு இருக்கணும். பூட்டுன்னு அடிச்சுட்டாங்க."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூட்டுக்கு யாராவது வகுப்பு எடுப்பாங்களா சார்?"

"ஆபீஸ் சொன்னா எடுப்பாங்க."

"இதோ பாருங்க, குரல் வளத்தைக் கவனிக்கணும்னு போட்டிருக்கு. பூட்டுக்கு எதுக்கு சார் குரல் வளம்?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார். "திருடன் வந்தா கத்த வேண்டாமா?"

டீச்சர் மேசைமேல் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். "ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன் சார்" என்றார் மெதுவாக.

"கேட்டா, இதைக்கூடவா கேப்பீங்கன்னு கேப்பாங்க. கேக்காம செஞ்சா, ஏன் கேக்கலைன்னு கேப்பாங்க. ரெண்டுமே கேள்விதான். நாமளா போய் வாங்கிக்க வேண்டாம்." பிறகு அட்டவணையை எடுத்துச் செவ்வாய் கடைசி வகுப்பு, வெள்ளி கடைசி வகுப்பு என்று இரண்டு கட்டங்களில் 'பூட்டு' என்று எழுதினார். "நீங்களே எடுங்க. சிவப்பு மை அடிச்ச கைதானே?"

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு வாசல் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்க்கிற வழக்கம் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவை. "என்னை விட்டா அந்தப் பாடத்துக்கு இந்த ஊர்ல ஆள் ஏது? எனக்கு அந்த வேலையை வாங்கிக் குடு" என்றார்.

"நீங்க பூட்டை நம்பாதவர். அது வேற பாடம்" என்றார் டீச்சர்.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாற்றுச் சாவி செய்து கொடுக்கும் அம்மாவைத் தேடிப் போனார். ஒரு பெட்டிக்கடை அகலம்தான் அந்தக் கடை. உள்ளே சாவியை அராவும் ஓர் இயந்திரம், சுவர் முழுக்க வெற்றுச் சாவிகள், நடுவே தடிமனான கண்ணாடி போட்ட சாவிக்காரம்மா. டீச்சர் தயங்கித் தயங்கி, பூட்டு எப்படித் திறக்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

சாவிக்காரம்மா இயந்திரத்தை நிறுத்தினார். "எந்த வீடு?"

"வீடு இல்லைங்க, பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடத்துல என்ன இருக்கும்னு திருடப் போறீங்க? சாக்பீஸா?"

டீச்சர் சுற்றறிக்கை நகலை எடுத்து நீட்டினார். சாவிக்காரம்மா அதை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "இருபத்தஞ்சு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்பதான் கவர்மெண்டுக்குக் கண்ணு தெறந்திருக்கு" என்றார். சாவி தொலைந்து செத்த பூட்டுகள் முப்பதை ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை தானே வருவதாகவும் சொன்னார்.

முதல் வகுப்பில் டீச்சருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பழக்க தோஷத்தில் பலகையில் 'பூட்டு: பெயரா, வினையா?' என்று எழுதினார். கையில் பூட்டுகளை வைத்திருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது பெயர் டீச்சர். கையில இருக்கே!" என்றான் ஒருவன்.

"கதவைப் பூட்டுன்னு எங்கம்மா சொல்வாங்களே, அப்ப அது வினை!" என்று பாய்ந்தாள் ஒருத்தி.

"தொங்கினா பெயர், அமுக்கினா வினை" என்று கடைசி பெஞ்சிலிருந்து தீர்ப்பு வந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. பதினெட்டு வருடத்தில் இலக்கணத்துக்காகச் சண்டை நடந்தது அன்றுதான். டீச்சர் அதட்ட வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை சாவிக்காரம்மா வந்தார். பட்டம் இல்லாதவர் வகுப்புக்குள் நுழையத் தலைமையாசிரியரிடம் காகிதம் இல்லை. அதனால் அவரைச் சன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் பாடம் நடத்தினார்.

"சாவி நேராப் போய் ஒக்காந்துட்டா வேலையே இல்ல கண்ணுங்களா. ஒக்காரலைன்னா மூணே மூணு வழிதான். புதுசா ஒரு பல்லு வைக்கணும். இல்ல, இருக்கிற பல்லைத் தேய்ச்சு வேற மாதிரி ஆக்கணும். அதுவும் இல்லைன்னா ஒரு பல்லை எடுத்துறணும். இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது, எங்க போனாலும்."

டீச்சர் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி கீழே விழுந்து உடைந்தது. இரண்டு சொற்கள் சேரும்போது என்ன நடக்கும் என்று அவர் தொண்டை வற்றச் சொல்லி வந்ததும் இதுதானே? நேராகச் சேர்ந்தால் இயல்பு. சேராவிட்டால் தோன்றல், திரிதல், கெடுதல். வேறு வழியே கிடையாது. பலகைக்கு ஓடினார். "பூ, செடி. ரெண்டும் சேர என்ன பண்ணணும்?"

"பல்லு வைக்கணும் டீச்சர்! பூச்செடி!"

"பல், பொடி?"

"தேய்க்கணும்! பற்பொடி!"

"மரம், வேர்?"

"பிடுங்கணும்! மரவேர்!"

கடைசி பெஞ்சில் ஒருவன், "டீச்சர், இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டான். டீச்சர் பலகையைத் துடைத்தார். சொல்லித்தான் இருந்தார். நூற்றுக்கணக்கான தடவை சொல்லியிருந்தார்.

அந்த வகுப்பில் ஒரு லாரி ஓட்டுநரின் மகள் இருந்தாள். பள்ளியில் சேர்ந்து இரண்டு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். எல்லோரும் 'வாய்ப்பூட்டு' என்பார்கள். அவளுக்குக் காது கூர்மை. பூட்டைக் காதோரம் வைத்து, வளைத்த கம்பியை உள்ளே விட்டு, எதையோ கேட்டுக்கொண்டிருப்பாள். திடீரென்று 'டக்' என்று கொண்டி விடுபடும். இரண்டு மாதத்தில் சாக்கில் இருந்த முப்பதையும் திறந்துவிட்டாள். வேறு பூட்டு இல்லை. பிள்ளைகள் வீட்டுப் பூட்டுகளைக் கழற்றி வர ஆரம்பித்ததும் பெற்றோர் புகாரோடு வந்தார்கள். அப்போதுதான் டீச்சருக்கு வடக்கு மூலை அறை ஞாபகம் வந்தது.

அந்த அறைச் சாவி பதினோரு வருடத்துக்கு முன்னால் தொலைந்தது. மூன்று விசாரணை நடந்து, ஒரு காவலாளி மாற்றலாகிப் போய், தலையணைத் தடிமனுக்கு ஒரு கோப்பு சேர்ந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லாமல் பூட்டை உடைக்க அனுமதி கிடையாது. பட்டியல் உள்ளே இருந்தது. கதவில் 'தொடாதே' என்று தாள் ஒட்டியிருந்ததால் யாரும் தொடவில்லை.

தலைமையாசிரியர் மூன்று நாள் யோசித்தார். "உடைக்கத்தான் அனுமதி இல்ல. திறக்கிறதைப் பத்தி ஒண்ணும் போடல" என்று கடைசியில் இறங்கி வந்தார்.

நாற்பது பிள்ளைகளும் கதவைச் சுற்றி நின்றார்கள். வாய்ப்பூட்டு கம்பிகளோடு முன்னால் போனாள். களிம்பேறிய பெரிய பித்தளைப் பூட்டை உள்ளங்கையில் ஏந்தினாள். காதை வைத்தாள். முகம் மாறியது. கம்பியை எடுக்கவே இல்லை. திரும்பி டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், இது பூட்டவே இல்ல."

பூட்டைவிட அவள் பேசியதுதான் முதலில் எல்லோரையும் உலுக்கியது. யாரோ "ஐயோ" என்றார்கள். அவள் கொண்டியை லேசாகத் திருப்பி நாதாங்கியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரோ அவசரத்தில் அழுத்த மறந்திருக்கிறார்கள். அதன் பிறகு இழுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

உள்ளே கேரம் பலகைகள், தாவுகயிறுகள், ஒரு பெரிய முரசு, பொம்மலாட்டப் பொம்மைகள், பிரிக்காத வண்ணப் பெட்டிகள், ஒரு தொலைநோக்கி எல்லாம் இருந்தன. மேலே ஒரு தாள்: 'மாற்றுச் செயல்பாடுகளுக்காக வழங்கப்பட்டவை. பாதுகாப்பாக வைக்கவும்.' தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு, "பாதுகாப்பாத்தானே இருந்திருக்கு" என்றார். உடனே பெரிய கடையிலிருந்து புதுப் பூட்டு ஒன்று வாங்கி வரச் சொல்லி, தன் கையாலேயே அழுத்தி, இழுத்தும் பார்த்தார். மறுநாள் இடைவேளையில் முரசுச் சத்தம் கேட்டது. இன்னும் உறுதியான பூட்டு போட்டார். அதற்கு ஒன்றரை நாள் ஆயிற்று. நான்காவது பூட்டோடு அவர் ஓய்ந்துபோய், "எல்லாத்தையும் சாயங்காலம் எடுத்த எடத்துல வச்சுடணும்" என்று மட்டும் சொன்னார்.

அரைப் பரீட்சையில் இலக்கணத்தில் எட்டே பேர்தான் தவறினார்கள். பிறகு கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். பூட்டு வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், மொத்தம் நாப்பத்திரண்டு பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். பக்கத்து ஊர்ல செவ்வாயும் வெள்ளியும் மத்தியானமே வகுப்பைப் பூட்டிட்டு பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிடறாங்க. நூத்துக்கு நூறு பூட்டு. எல்லா எடத்துலயும் அப்படித்தான். நீங்க மட்டும் பூட்டுன்னு பேர் வச்சுட்டுத் திறந்துகிட்டே இருக்கீங்க!"

"திறக்கத் தெரிஞ்சாத்தான் சார் பூட்டுன்னா என்னன்னு தெரியும்."

"காகிதத்துல திறக்கச் சொல்லலையே?"

"மூடவும் சொல்லலைங்க சார். உள்ளம் மலரணும்னு போட்டிருக்கு. மலர்றதுன்னா திறக்கிறதுதானே?"

பதினெட்டு வருட இலக்கணம் ஒரு தடவையாவது கைகொடுத்தது. ஆய்வாளர் பதிவேட்டில் 'பூட்டு வகுப்பில் திறப்பும் நடைபெறுகிறது. கவனிக்கத்தக்கது' என்று எழுதிவிட்டுப் போனார். அது பாராட்டா புகாரா என்று தலைமையாசிரியர் ஒரு வாரம் தூங்கவில்லை.

ஆண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் திருத்தம் வந்தது. 'பூட்டு என்பதைப் பாட்டு எனத் திருத்தி வாசிக்கவும். இதுவரை நடந்த பூட்டு வகுப்புகள் அனைத்தும் பாட்டு வகுப்புகளாகக் கருதப்படும். மதிப்பெண்களும் அவ்வாறே. பாட்டில் முதல் மதிப்பெண் பெற்றவர் வட்டாரப் பாட்டுப் போட்டிக்கு அனுப்பப்படல் வேண்டும்.'

முதல் மதிப்பெண் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் பேசியதே நாலைந்து வாக்கியம். அந்தப் பெண் பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

"இவளை எப்படி சார் மேடை ஏத்துறது? பாவம், நடுங்கிப் போயிடுவா."

"டீச்சர், அனுப்பணும்னு இருக்கு. பாடணும்னு இல்ல."

டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடலாம்மா. நான் பார்த்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "போலாம் டீச்சர்."

போட்டி நாளன்று பெரிய மண்டபத்தில் முன்வரிசையில் மூன்று நடுவர்கள். பட்டுப் பாவாடையும் மையிட்ட கண்ணுமாக ஏழெட்டுப் பிள்ளைகள் உருகி உருகிப் பாடி முடித்தார்கள். இவள் பெயரை அழைத்ததும் ஒரு துணிப்பையோடு ஏறினாள். டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் வாய் தவறி, "வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றார்.

"எனக்குப் பாட வராது" என்றாள் அவள். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்; ஒரு அடி பின்னால் போனாள். பிறகு பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்துத் திறந்தாள். "இது பித்தளை. சத்தம் முழுசா இருக்கும்." இன்னொன்று. "இது இரும்பு. இருமுற மாதிரி இருக்கும்." மூன்றாவது. "இதுக்குள்ள ஸ்பிரிங் சோர்ந்து போச்சு. கேளுங்க, பெருமூச்சு விடும்." ஒன்பது பூட்டுகளைத் திறந்தாள். ஒவ்வொன்றும் எங்கே முரண்டு பிடிக்கும், எப்படி வழிக்கு வரும் என்று சொன்னாள். மண்டபத்தில் குழந்தைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். முடித்துவிட்டு, "அவ்ளோதான்" என்று இறங்கினாள்.

நடுவர்கள் தலையை ஒன்றாகச் சேர்த்துப் பேசினார்கள். ஒருவர் இது பாட்டே இல்லை என்றார். இன்னொருவர், காலையிலிருந்து தான் தூங்காமல் கேட்டது இது ஒன்றுதான் என்றார். மூன்றாமவர் தன் பெட்டியின் பூட்டு சிக்கிக்கொண்டிருப்பதால் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. கடைசியில் ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். சான்றிதழில் 'தாளம் சிறப்பு' என்று எழுதியிருந்தது.

பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து, நம்பர் பூட்டுகளில் உள்ள திருட்டுத்தனத்தைப் பற்றி வீடு வரும்வரை பேசினாள். ஒரு வாக்கியத்தில் எழுவாய் ஒருமையாகவும் பயனிலை பன்மையாகவும் இருந்தது. டீச்சர் கேட்டுக்கொண்டார், திருத்தவில்லை.

அடுத்த கல்வியாண்டில், பட்டம் கேட்காமல் அனுபவத்தை மட்டும் பார்த்து, பகுதிநேரப் பாட்டு ஆசிரியை ஒருவரை அமர்த்திக்கொள்ளப் பள்ளிக்கு அனுமதி வந்தது. பாட்டு வகுப்பு என்று ஆகிவிட்ட பிறகு பூட்டை எப்படித் தொடர்வது என்று டீச்சர் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு ஒரு மாலை, வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, சாவிக்காரம்மாவின் பெயரில் விண்ணப்பம் எழுதினார். 'பாட்டுத் துறையில் இருபத்தைந்து ஆண்டு அனுபவம்' என்று எழுதும்போது 'பா'வில் பேனா ஒரு கணம் நின்றது. அவர் தெரிந்தே எழுதிய முதல் எழுத்துப்பிழை அதுதான். கணவரிடம் காட்டியபோது அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒற்றெல்லாம் சரியா இருக்கு" என்றார்.

தலைமையாசிரியர் காகிதம் ஒழுங்காக இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது சாவிக்காரம்மா சன்னலுக்கு வெளியே உட்காருவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் போய், பதிவேட்டில் 'பாட்டு ஆசிரியை' என்ற வரிக்கு நேரே கையெழுத்து வைக்கிறார். ஆய்வாளர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு பாட்டுப் பாடுங்களேன் என்று கேட்பார்.

"தொண்டை கட்டியிருக்குங்க" என்பார் சாவிக்காரம்மா.

மூன்று வருடமாக அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஆய்வாளர் போன தடவை இருமல் மருந்து வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.